கள்ளுக்கடைக்குச் சுவர் எதற்கு?

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் நெடுஞ்சாலையில் குருபரப்பள்ளி வந்தால், இன்று கண்ணில் படுவது சிப்காட் தொழிற்சாலைகளும் வரிசை கட்டி நிற்கும் லாரிகளும்தான். அந்தக் காலத்துக் கள்ளுக்கடை எப்படி இருந்தது என்று தேடினால் அடையாளம் கிடைப்பது கஷ்டம். இங்கிலாந்துக் கிராமங்களில் முந்நூறு, நானூறு வருஷத்து மதுக்கூடங்கள் இன்னும் நிற்கின்றன. நம் ஊர்க் கள்ளுக்கடை மட்டும் ஏன் தடமில்லாமல் போனது?

காரணம் கள்ளிலேயே இருக்கிறது. பீர், பீப்பாயில் வாரக்கணக்கில் தாங்கும். அதைக் குளுமையாக வைக்க நிலவறை தோண்டினார்கள். மேலே கல் கட்டடம் எழுப்பினார்கள். ஈச்சங்கள் அப்படியா? காலையில் இறக்கியது மாலைக்குள் புளிப்பேறிவிடும். மறுநாள் வாயில் வைக்க முடியாது. சேர்த்து வைக்க முடியாத சரக்குக்குக் கிடங்கு எதற்கு? நாலு கால் நட்டு, ஓலை வேய்ந்து, சுற்றிலும் தட்டி கட்டினால் கடை தயார். உள்ளே மண்பானைகள், குடிக்க மொந்தை, உட்கார மண் தரை. போதும்.

இன்னொரு காரணம், ஏலம். வெள்ளைக்காரர் ஆட்சியில் கள்ளுக்கடைகளை அரசாங்கம் ஏலம் விட்டது. அடுத்த ஏலத்தில் யார் கைக்குப் போகுமோ என்றிருக்கும் கடைக்கு யார் சுவர் எழுப்புவார்கள்?

அந்தக் கடைகளை முதலில் மூடியவரும் இந்த மண்ணில் பிறந்தவர்தான். ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, சென்னை மாகாணத்தின் பிரதமரானதும் 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கிருஷ்ணகிரியும் ஓசூரும் அப்போது சேலம் மாவட்டத்துக்குள் இருந்தன. கூலிக்காசு முழுசாக வீடு வந்ததில் பெண்களுக்கு நிம்மதி. மரமேறிகளுக்கோ பிழைப்பு போயிற்று. கஜானாவிலும் ஓட்டை விழுந்தது. அதை அடைக்க 1939-இல் வந்ததுதான் விற்பனை வரி. இன்று மளிகைக்கடை பில்லின் அடியில் நிற்கும் வரிக்குக்கூட அந்த ஓலைக் குடிசையோடு ஒரு பூர்வ பந்தம் உண்டு!

அதன்பிறகு மதுவிலக்கு போனது, வந்தது. 1971-இல் மறுபடி போனது. கள்ளுக்கடைகள் கடைசியாக மூடப்பட்டது 1987 ஜனவரி 1-இல். ஆனால், 1983-இல் தொடங்கிய டாஸ்மாக், 2003-இல் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. பாட்டில் சரக்கு கெடாது; அடுக்கி வைக்கலாம். எனவே கான்கிரீட் சுவர், இரும்புக் கம்பி வலை, பூட்டு எல்லாம் வந்துவிட்டன.

ஓலைக் கொட்டகையை ஒரே நாளில் பிரித்துவிடலாம். கான்கிரீட் அவ்வளவு சுலபத்தில் அசையாது. இரண்டிலும் மாறாதது ஒன்றுதான்: சம்பள நாளன்று உலையை ஏற்றிவிட்டு, வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டுப் பெண்ணின் காத்திருப்பு.