குற்றச் செலவை ஊரே சுமப்பதா?

களவு போன பொருளைக் காவல்காரன் மீட்டுத் தரவேண்டும். இயலாவிடின் ஈடு தரவேண்டும். இது நம் பழைய ஊர்க்காவல் நெறி. சோழர் காலக் கல்வெட்டுகள் 'பாடிகாவல்' என ஒரு வரியையே குறிக்கின்றன. ஊர் கொடுத்தது, கொண்டவன் காத்தான். ஆங்கிலேயர் அம்முறையை அகற்றி, 1859ஆம் ஆண்டுச் சென்னை மாவட்டக் காவல் சட்டத்தால் காவலை அரசின் கைக்கு மாற்றினர். இன்றும் காவலர்க்கு ஊதியம் தருவது மாநில அரசே. ஆயின், குற்றத்தால் வரும் செலவு அவ்வூதியத்தோடு முடிந்துவிடுகின்றதா?

திருப்பூரைப் பாருங்கள். 2008இல் மாநகராட்சி, 2009இல் மாவட்டத் தலைநகர், 2014இல் தனிக் காவல் ஆணையரகம். பெயர்கள் பெருகின. நள்ளிரவில் பின்னலாடைக் கூடத்திலிருந்து தனியே திரும்பும் பெண்ணுக்குத் துணையாவது தெருவிளக்கு. அவ்விளக்கு மாநகராட்சியின் பொறுப்பு. கண்காணிப்புக் கருவிக்கோ வணிகரிடம் கையேந்தும் வழக்கம் தமிழ்நாடெங்கும் உண்டு. காவல் என்ன அறக்கொடையா?

2023 மார்ச்சுத் திங்களில், வடபுலத் தொழிலாளர் இங்குத் தாக்கப்படுவதாகப் பொய்ப்படங்கள் பரவின. பீகார் அரசின் குழு திருப்பூருக்கே வந்து உசாவிற்று. பொய் கிளம்பியது எங்கோ. அச்சந்தணிக்க அலைந்தோர் இவ்வூர்க் காவலரும் அலுவலருமே.

ஊரே வரி தண்டிக்கொள்ளட்டும் என்பார் உளர். எவ்வாறு? அரசியலமைப்பின் 276ஆம் பிரிவு தொழில்வரிக்கு உச்சவரம்பு கட்டியுள்ளது. ஆண்டுக்கு 250 உருபாவாக இருந்ததை 1988இல் 2,500 ஆக்கினர், அதன்பின் தொடவில்லை. கோடி ஈட்டும் ஏற்றுமதியாளரிடமும் அதற்குமேல் ஓர் உருபா பெறவியலாது!

இனி, மேலிருந்து வரும் நல்கை தலைக்கணக்கைப் பற்றியே பெரிதும் வருகின்றது. நடுவண் பதினைந்தாவது நிதிக்குழு கொண்டது 2011ஆம் ஆண்டுக் கணக்கு. 2021இல் எடுக்கவேண்டிய கணக்கு எடுக்கப்படவேயில்லை. அதன்பின் வந்து தங்கிய தொழிலாளர் இரவில் இவ்வூரில் உறங்குகின்றனர். திருட்டுக்கும் வழிப்பறிக்கும் ஆளாகின்றனர். நல்கைக் கணக்கில் மட்டும் இலர். அவர்களைக் குற்றவாளிகளாகக் காட்டிப் பிழைப்போர், அவர்களுக்கும் சேர்த்து விளக்கேற்றப் பணம் கேட்டதுண்டோ?

இங்கிலாந்தில் உள்ளாட்சி வரியிலேயே காவலுக்கென ஒரு கூறு தண்டுகின்றனர். அதனோடு அரசும் காவல் நல்கை தருகின்றது. இங்கு ஐந்தாண்டுக்கொரு முறை மாநில நிதிக்குழு அமைகின்றது. தொழில் நகரங்களில் உண்மையில் வாழ்வோர் தொகையையும் பதிவான குற்றங்களையும் அளவாகக் கொண்டு, விளக்குக்கும் கண்காணிப்புக்கும் மகளிர் தங்குமிடக் காவலுக்கும் தனி நல்கை வகுக்க அக்குழு பரிந்துரைத்தல் வேண்டும். அரசு தருதல் வேண்டும். அதுவரை அச்செலவு வீட்டுவரியாக ஏறும். வீட்டுக்காரர் அதனைக் குடிக்கூலியில் ஏற்றுவர். கொடுப்பவர் தையற்பொறிமுன் அமர்ந்திருக்கும் தொழிலாளியே.