மேடை அதிரணுமா, பாட்டு கேக்கணுமா?

தேனிப் பக்கம் எந்த ஊர்த் திருவிழாவுக்குப் போனாலும் மேடைக்கு ரெண்டு பக்கமும் ஆளுயரத்துக்குப் பெட்டி அடுக்கியிருப்பாங்க. கச்சேரி பேசும்போதே 'எத்தனை பெட்டி?'ன்னுதான் கேக்குறாங்க. எங்க அஞ்சு பேர் குழுவும் முதல் காசை அதுலதான் போட்டுச்சு.

ஒரு சித்திரையில கம்பம் பக்கம் கச்சேரி. பாடுற அண்ணனுக்குத் தன் குரலே கேக்கலை. கத்திக் கத்தி நாலாவது பாட்டுல சுதி விலகி, பத்தாவதுல தொண்டை கட்டிடுச்சு. ஒரு வாரம் பேச்சே இல்லை. தப்பு அவர் மேல இல்லீங்க, எங்க மேல.

சின்னக் குழு முதல்ல வாங்க வேண்டியது மானிட்டர்தான். 500 வாட்ஸை 1000 ஆக்கினா கூடுறது வெறும் 3 டெசிபல்! அந்தக் காசுக்குப் பாடகர் காலடியில ஒரு மானிட்டரும் நல்ல கார்டியாய்டு மைக்கும் வாங்குங்க. அந்த மைக் பின்பக்கச் சத்தத்தை அதிகம் வாங்காது. அதனால மானிட்டர் மைக்கோட முதுகைப் பாத்து இருக்கணும்; பெரிய பெட்டிகள் மைக்குக்கு முன்னால தள்ளி, கூட்டத்தைப் பாத்து இருக்கணும். 'கூய்'ங்கிற ஊளை நல்லாவே குறையும்.

குரலுக்கு முதல் மரியாதைங்கிறது நம்ம மண்ணுக்குப் புதுசில்ல. பண்ணைப்புரம் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் மேடைகள்ல ஊர் ஊராப் பாடினார். தம்பி இளையராஜா பழகினதும் அந்தக் குழுவுலதான். அங்கே வார்த்தை விளங்கலைன்னா கச்சேரியே வீண்.

பெட்டி வேணும்னா சவுண்டு சர்வீஸ்ல வாடகைக்குக் கிடைக்கும். தொண்டை கிடைக்குமா?