வானத்துக்கும் அரியர் இருக்கு பாஸ்!



கலவையில பஸ் ஏறி, ஜன்னல்ல தலைய சாய்ச்சுத் தூங்கி, காலேஜ்ல இறங்கினா நோட்டீஸ் போர்டுல ரிசல்ட். "மச்சி, எத்தனை அரியர்?" மூணுன்னு சொல்றதுக்குள்ள முகம் தொங்கிடுது இல்ல? விண்வெளி விஞ்ஞானிகளைக் கேளுங்க... 1,300-க்கும் மேல!

மேட்டர் இதுதான். ஒளியிலேயே படு உக்கிரமான ரகம் காமா கதிர். நம்ம காற்று மண்டலம் அதைத் தடுத்துடும். அதனால 2008-ல் ஃபெர்மி தொலைநோக்கியை விண்வெளிக்கே அனுப்பியது நாசா. 2020-ல் வெளியான அதன் பட்டியலில் 5,064 காமா மூலங்கள். அதில் 1,300-க்கும் அதிகமானவை எதுன்னே புரியலை.

ஏன்? ஆம்பூர்ல இறங்கினதும் பிரியாணி வாசனை ஆளைத் தூக்கும். எந்தக் கடையில தம் பிரிச்சாங்கன்னு மூக்கு சொல்லுமா? அதே கதைதான். காமா கதிரை லென்ஸ் வெச்சுக் குவிக்க முடியாது. 'இந்த ஏரியா'ன்னு தோராயமாத்தான் தெரியும். அந்த ஏரியாவுக்குள்ள ஏகப்பட்ட நட்சத்திரங்கள்!

1970-களில் இப்படிச் சிக்கியது ஒண்ணு. பேரு கெமிங்கா. இத்தாலியின் மிலான் பக்கத்துப் பேச்சுல 'அங்க ஒண்ணுமில்லை'ன்னு அர்த்தம். சுமார் 20 வருஷம் மண்டையைக் குடைஞ்சாங்க. 1992-ல் எக்ஸ் கதிர்த் துடிப்பு சிக்கியது. அது வேகமாச் சுழலும் நியூட்ரான் நட்சத்திரம், அதாவது பல்சார். அரியர் கிளியர்!

நம்ம ஆளுங்களும் சும்மா இல்லை. புனே பக்கம் இருக்கும் ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கியால ஃபெர்மியின் 'தெரியாத' இடங்களைத் துழாவினாங்க. 2013-ல் ஒரு பல்சாரை அறிவிச்சாங்க. நொடிக்கு 460 தடவைக்கும் மேல சுத்துது!

நம்ம வாணியம்பாடி தாண்டி, ஜவ்வாது மலை காவலூர்ல 1986-லிருந்து 93 அங்குலத் தொலைநோக்கி இருக்கு. அது பார்க்கிறது கண்ணுக்குத் தெரியும் ஒளியை. ஆனா ஃபெர்மியின் டேட்டா உலகத்துக்கே இலவசம். கம்ப்யூட்டரும் பொறுமையும் இருந்தா, கலவையில உட்கார்ந்தே தேடலாம்.

ஒண்ணு கவனிச்சீங்களா? தெரியாததை அவங்க மறைக்கலை. 'தெரியலை'ன்னு பட்டியல்லயே எழுதி வெச்சாங்க. அதனாலதான் அடுத்தவன் வந்து தேட முடிஞ்சது. நாம மார்க் ஷீட்டை மடிச்சு ஒளிச்சு வெக்கிறோம்.

முதல்ல பிரிச்சு வைங்க பாஸ். மூணுதானே!