ஓய்வுக்காலப் பணமும் விகித நியதியும்

முப்பத்தைந்து வருஷம் ஓர் ஆலையிலோ காரியாலயத்திலோ உழைத்து, அறுபதாவது வயதில் பி.எஃப். பணத்தையும் பணிக்கொடையையும் ஒருசேரக் கையில் வாங்குகிற மனிதர், வாழ்நாளில் அதுவரை கண்டிராத அத்தொகையை என்ன செய்வது என்று விசாரிக்கையில், அவருக்குக் கிடைக்கிற யோசனைகள் பெரும்பாலும் இரண்டே வகைப்படும்: எல்லாவற்றையும் பாங்கியில் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள் என்பது ஒன்று, வட்டியை நம்பி இக்காலத்தில் ஜீவிக்க முடியுமா, ஷேரில் போடுங்கள் என்பது மற்றொன்று. இவ்விரண்டுமே அபாயகரமானவை என்பதும், முதலைக் காப்பதையும் வளர்ப்பதையும் ஒருங்கே சாதிக்க விரும்புகிறவர், பணத்தைப் பல இனங்களில் நிச்சயமான ஒரு விகிதத்தில் பிரித்து வைத்து, அவ்விகிதத்தை வருஷந்தோறும் பிடிவாதமாகக் காப்பாற்ற வேண்டும் என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

டெபாசிட்டில் என்ன அபாயம் என்று கேட்கலாம். விலைவாசி வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறுமானால், மாதம் 20,000 ரூபாயில் நடக்கிற குடும்பம் 12 வருஷம் கழித்து அதே அரிசியையும் அதே மருந்தையும் வாங்க 40,000 ரூபாய் தேட வேண்டியிருக்கும். பாஸ்புத்தகத்தில் முதல் ஒரு பைசாவும் குறையாமல் இருக்கும்போதே அதன் சக்தியில் பாதி கரைந்துபோயிருக்கும். இக்குறையை ஈடுசெய்யும் ஆசையில் அதிக வட்டியைத் தேடிப் போனவர்களின் கதி நம் மாகாணம் நன்கறிந்த ஒன்று. 1906இல் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி என்ற பாங்கி விழுந்தபோது கண்ணீர் விட்டவர்களுக்குப் பேரன் முறையானவர்கள், 1990களில் 24 சதவீதமும் 36 சதவீதமும் தருவதாகச் சொன்ன நிதி நிறுவனங்களின் பூட்டிய கதவுகளுக்கு முன்னால் ரசீதுகளுடன் நின்றார்கள்; டெபாசிட்தாரர்களைக் காக்க 1997இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இயற்ற வேண்டி வந்தது.

ஷேர் மார்க்கெட்டின் சுபாவமோ வேறு. 2008 ஜனவரியில் 21,000ஐத் தொட்ட சென்செக்ஸ், அடுத்த வருஷம் மார்ச் மாதத்தில் 8,200க்கும் கீழே இறங்கியது. பொறுத்திருந்தால் ஏறும் என்கிற சமாதானம் பெரும்பாலும் மெய்யே ஆயினும், 1989 டிசம்பரில் 38,915 என்ற சிகரத்தில் நின்ற ஜப்பானின் நிக்கே குறியீடு, அவ்வுயரத்தை மீண்டும் காண்பதற்கு 2024 பிப்ரவரி வரை காத்திருக்க நேர்ந்ததை நினைத்தால், அறுபது வயதுக்காரரிடம் பொறுமையை உபதேசிக்கும் நாவு சற்றுத் தயங்கவே செய்யும். தங்கமும் விதிவிலக்கல்ல, உலகச் சந்தையில் 1980 ஜனவரியில் ஓர் அவுன்ஸ் 850 டாலர் விற்ற அது, 1999இல் 260 டாலருக்கும் கீழே கிடந்தது. ஆனால் இவை யாவும் ஒரே காலத்தில் விழுவது அபூர்வம். 2008இல் ஷேர்கள் சரிந்தபோது நம் நாட்டில் தங்கத்தின் விலை உயர்ந்ததே இதற்குப் பிரத்தியட்சப் பிரமாணம். கரிசல் காட்டில் பருத்தியோடு உளுந்தையும் ஊடுபயிராக விதைக்கிற சம்சாரி அனுபவத்தால் கண்டதைத்தான், அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஹாரி மார்கோவிட்ஸ் 1952இல் கணிதமாக எழுதி, பின்னர் நோபல் பரிசும் பெற்றார்.

நாற்பது லட்சம் ரூபாயுடன் ஓய்வு பெறும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தபாலாபீஸில் சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்தில் 16 லட்சம் போட்டால், 2023 ஏப்ரலில் நிர்ணயமான 8.2 சதவீத வட்டிப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை 32,800 ரூபாய் வரும். மேலும் 8 லட்சத்தை இரண்டு பாங்கிகளில் பாதி பாதியாகப் போடட்டும். ஏனெனில், ஒரு பாங்கியில் ஒருவருடைய டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரைதான் இன்ஷூரன்ஸ் உண்டு. 12 லட்சம் இண்டெக்ஸ் ஃபண்டில் இருக்கட்டும். 4 லட்சம் தங்க ஃபண்டில் இருக்கட்டும். ஆக, பத்திரமான பகுதி 60, ஷேர் 30, தங்கம் 10 சதவீதம். ஷேர்கள் பாதியாக விழுந்தாலும் மொத்தம் 34 லட்சமாகத்தான் குறையும். 18 சதவீத வளர்ச்சி வந்தால் பழைய நிலை திரும்பிவிடும். முழுவதையும் ஷேரில் போட்டவரோ 20 லட்சத்துடன் நின்று, அது இரட்டிப்பாகும் நாளை எதிர்நோக்கியபடியே, மாதச் செலவுக்கும் அதிலிருந்தே எடுத்துக்கொண்டிருப்பார்.

இதுவரை சொன்னது சுலபமான பாதி. அவ்வீழ்ச்சியின் நடுவே நம் மனிதர் கணக்குப் பார்த்து, 34 லட்சத்தில் 30 சதவீதம் 10 லட்சத்து 20 ஆயிரம் என்று கண்டு, டெபாசிட்டிலிருந்து 3 லட்சத்து 60 ஆயிரமும் தங்கத்திலிருந்து 60 ஆயிரமும் எடுத்து, ஊரெல்லாம் வெறுத்து ஒதுக்குகிற ஷேர்களையே வாங்க வேண்டும். ஷேர் ஏறி எல்லோரும் உற்சாகமாக இருக்கும் வருஷத்திலோ, லாபத்தை விற்று டெபாசிட்டில் போட வேண்டும். மனித மனம் இவ்விரண்டுக்கும் இயல்பாக இசையாது. பயமும் சபலமும் இல்லாத ஒரு நாளில் விகிதத்தைக் காகிதத்தில் எழுதி, மனைவிக்கோ மகளுக்கோ தெரியும்படி வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை, சித்திரை பிறந்ததும் என்று நாள் குறித்துக்கொண்டு சரிபார்க்கிறவருக்கே இது கைகூடும். 2009 மார்ச்சில் அந்தத் துணிவைக் காட்டியவர், அவ்வருஷ முடிவில் சென்செக்ஸ் 17,000ஐத் தாண்டி நின்றதைக் கண்டார்.

வீட்டு நகையைத் தங்கக் கணக்கில் சேர்ப்பது தகாது. செய்கூலியும் சேதாரமும் போவதோடு, ஷேர் வாங்குவதற்காகத் தாலிக்கொடியை விற்கிறவர் எவருமில்லை. இந்தப் பிரயாசையெல்லாம் தம்மால் ஆகாது என்பவர்களுக்கு மல்டி அசெட் ஃபண்டுகள் இருக்கின்றன; மூன்று இனங்களிலாவது, ஒவ்வொன்றிலும் 10 சதவீதமாவது வைக்க வேண்டும் என்பது ஷேர் மார்க்கெட்டைக் கண்காணிக்கும் செபியின் விதி. ஆனால் வரிச் சலுகைக்காக ஷேரின் பங்கை 65 சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பவையும் அவற்றுள் உண்டாதலால், பெயரை நம்பாமல் விகிதத்தைப் பார்த்தே சேர வேண்டும்.

இவற்றையெல்லாம் அம்மனிதருக்கு யார் சொல்வது? பணம் வந்த செய்தி அறிந்து வீடு தேடி வருகிறவர்கள் யாவரும் எதையோ விற்க வருகிறவர்களே. டெபாசிட் போடப் போன முதியவர் இன்ஷூரன்ஸ் பாலிசியுடன் திரும்புகிற அநியாயமும் நடந்தே வருகிறது. ஆகையால் ஆலை நிர்வாகங்களும், அரசாங்க இலாகாக்களும், தொழிற்சங்கங்களும், ஓய்வு பெறுகிற தேதிக்கு ஆறு மாதம் முன்பாகவே, கமிஷன் வாங்காமல் கட்டணம் மட்டும் பெறுகிற, செபியில் பதிவு செய்த ஆலோசகர் ஒருவரை அழைத்து, தொழிலாளியையும் அவர் மனைவியையும் ஒன்றாக உட்காரவைத்து, அவர்களுடைய விகிதத்தை அவர்களே எழுதிக்கொள்ளச் செய்ய வேண்டும்; அதற்குரிய கட்டணத்தை நிர்வாகமே ஏற்பது நியாயம்.