கைநாட்டும் சம்மதமும்
அநியாயமாக வேலையிலிருந்து நீக்கப்பட்ட தோட்டத் தொழிலாளி, சமரச உடன்படிக்கையில் ஒப்பமிட்டபின் அதனை ஆட்சேபிக்கலாமா என்பதே இலங்கை மலையகத்தில் தீர்வு வேண்டி நிற்கும் வினா. வழக்குகளுக்கு ஒரு முடிவு வேண்டும் என்பதையும், மனமொத்துச் செய்த சமாதானத்தை மறுநாளே புறக்கணிப்பது முறையன்று என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆயின், சம்மதமென்பது விஷயம் அறிந்து, அச்சமின்றி அளிக்கப்படுவது. அட்டனிலோ நுவரெலியாவிலோ, தனக்கு வாசிக்கத் தெரியாத ஆங்கிலப் பத்திரத்தின் அடியில், கொழுந்து பறித்துக் கறைபடிந்த பெருவிரலை ஒரு பெண் மையில் தோய்த்து வைக்கும்போது, வேலையோடு குடியிருக்கும் லயக் காம்பராவும் போய்விடுமோ என்ற திகில் அவள் நெஞ்சில் நிற்குமாயின், அந்தக் கைநாட்டைச் சுயேச்சையான இசைவென்று கொள்வது தர்மமாகாது. மேலும், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 5 ஆண்டு சேவை முடித்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு ஆண்டொன்றுக்கு 14 நாட் சம்பளம் சேவைக்காலப் பணமாக உரியது; அதனையும் சேமலாப நிதியையும் கூட்டிச் ‘சமரசத் தொகை’ என்று நீட்டுவது, அவர் பணத்தையே அவருக்குத் தானம் செய்வதாகும். கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்துக்கு 1957இல் செய்யப்பட்ட திருத்தத்தால் பிறந்த தொழில் நியாய சபைகள், நீதியும் நியாயமுமான கட்டளை பிறப்பிக்கவே ஏற்பட்டவை. ஆதலின், உடன்படிக்கையைப் பதியுமுன் அதனைத் தமிழில் வாசித்து விளக்கச் செய்வதும், வஞ்சனையோ பலாத்காரமோ நிரூபணமாயின் அதனைத் தள்ளிவிட்டு மூல வழக்கை விசாரிப்பதும் அவற்றின் தவிர்க்கவொண்ணாக் கடமை.