வாடகை வீட்டுக்கு எதுக்குச் சாமானம்?

குமரி மாவட்டத்திலிருந்து வளைகுடாவுக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்களிடம் சொந்தக்காரர்கள் பலதையும் கொடுத்தனுப்புவார்கள். ஏத்தங்காய் சிப்ஸ், உணக்க மீன், கருப்பட்டி, அச்சாறு. கூடவே ஒரு புத்திமதியும் போகும்: "அங்க ஒண்ணும் வாங்கிக் கூட்டாத மக்களே. இன்னா திரும்பி வரப்போறதுதானே. காசச் சேத்து இங்க வீட்டப் பாரு." திருவனந்தபுரம் விமான நிலையத்தில் எடை கூடினால் மீனையாவது வெளியே எடுத்து வைக்கச் சொல்வார்கள். புத்திமதி தடையில்லாமல் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இதைச் சிக்கனம் என்று ஊரே நம்புகிறது. பள்ளிக்கூட வாத்தியார் நம்புகிறார், பங்குத்தந்தை நம்புகிறார், கல்யாணத் தரகர் ரொம்பவே நம்புகிறார். குடியிருக்கிற வீட்டைக் காலியாகப் போட்டுவிட்டு, பூட்டிக் கிடக்கிற வீட்டைச் சாமானத்தால் நிறைப்பதில் என்ன சிக்கனம் இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தம்மாமிலோ ரியாத்திலோ வாடகைக்குக் கிடைக்கும் வீடு பெரும்பாலும் வெறும் கூடுதான். சுவரும் தரையும் குழாயும் இருக்கும். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் கிடையாது; பல கட்டடங்களில் ஏசியைக்கூட நாம்தான் வாங்கி மாட்டவேண்டும். (ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் பாடு இன்னும் மோசம். அங்கே பல வீடுகளில் அடுக்களை மேடை, சிங்க், விளக்கு வரைக்கும் பழைய குடித்தனக்காரர் கழற்றிக்கொண்டு போயிருப்பார்.) வளைகுடாவின் ஜூலை வெயில் யாருடைய கொள்கையையும் பார்க்காது என்பதால் ஏசி வாங்குவார்கள். அத்தோடு கை நின்றுவிடும். மெத்தை தரையில் கிடக்கும். ஊரிலிருந்து வந்த அட்டைப்பெட்டி, மேலே மார்க்கரில் எழுதிய பெயரும் சுற்றிய டேப்பும் அப்படியே இருக்க, டிவிக்கு ஸ்டாண்டாகும். தரையில் சுப்ரா என்கிற பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுச் சாப்பாடு. பிள்ளை சூட்கேஸ் மேல் நோட்டை வைத்து வீட்டுப்பாடம் எழுதும். கேட்டால் "ரெண்டு வருசந்தானே" என்பார்கள். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும், இகாமா என்கிற தங்கும் அனுமதி புதுப்பிக்கப்படும், எல்கேஜியில் சேர்ந்த பிள்ளை பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதும். மெத்தை தரையை விட்டு எழும்பாது.

அதே ஆள் தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ கட்டியிருக்கும் வீட்டைப் போய்ப் பாருங்கள். பால் காய்ச்சுக்கு முன்பே தேக்கில் எட்டு நாற்காலியோடு சாப்பாட்டு மேசை வந்துவிடும். கண்ணாடி அலமாரியில் ஒருநாளும் சோறு பார்க்காத பீங்கான் தட்டுகள். சோபாவின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்திருக்க மாட்டார்கள். வாரம் ஒருமுறை அத்தையோ சித்தியோ வந்து கதவைத் திறந்து, பெருக்கி, விளக்கைப் போட்டு அணைத்துவிட்டுப் போவாள். இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. பூட்டிய வீட்டுக்குள் ஈரம் காய நேரமே கிடைக்காது. உறைக்குள் பூசணம் பிடிக்கும், அலமாரியின் முதுகில் சிதல் ஏறும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பக்கத்துக் கேரளத்தில் மட்டும் பதினொரு லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. நம் பக்கத்துத் தெருக்களில் சாயங்காலம் நடந்து, விளக்கு எரியாத மாடிகளை எண்ணினாலே போதும்.

காசைத்தான் பேசுகிறார்கள், காசையே கணக்குப் போடுவோம். எண்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு சோபா செட் என்று வையுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முப்பது நாள் லீவு. பத்து வருடத்தில் 150 நாள். நாளொன்றுக்கு 533 ரூபாய் கொடுத்து அந்தச் சோபாவில் உட்காருகிறார், அதுவும் பிளாஸ்டிக் உறை முதுகில் ஒட்ட. அங்கே ஆயிரம் ரியாலுக்கு ஒன்று வாங்கி, எட்டு வருடம் உருண்டு புரண்டு, போகும்போது நூறு ரியாலுக்கு விற்றால் மாதத்துக்குப் பத்து ரியால்கூட ஆகாது. எது வீண்செலவு?

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதிலும் மர்மம் இல்லை. எழுபதுகளில் எண்ணெய் விலை ஏறியபோது முதலில் போனவர்கள் தனி ஆள்கள். ஓர் அறைக்கு ஆறு பேர், இரட்டை அடுக்குக் கட்டில், தலைமாட்டில் டிரங்குப் பெட்டி. இரண்டு வருடத்தில் திரும்பியும் வந்தார்கள். அவர்களுக்கு அந்த விதி சரி. இன்றும் கேம்பிலும் பெட்ஸ்பேஸிலும் இருப்பவர்களுக்கு வேறு வழி இல்லை. 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்து சுமார் ஐம்பது பேர் செத்ததைப் பார்த்த பிறகு, அவர்களிடம் போய்க் கட்டில் வாங்கு, மேசை வாங்கு என்று சொல்ல எனக்கு வாய் வராது. நான் கேட்பது ஃபேமிலி விசாவில் மனைவி மக்களைக் கூட்டிப்போய் இரண்டு அறை வீடு எடுத்திருப்பவர்களை. தனி ஆளுக்கு ஏற்பட்ட விதியைக் குடும்பத்தின் தலையில் கட்டியது யார்?

இதில் முழு அடியும் பெண்ணுக்குத்தான். எங்கள் பக்கம் கல்யாணத்துக்குப் பிறகு அடுக்களை காணல் என்று ஒரு சடங்கு உண்டு. பெண் வீட்டிலிருந்து கட்டில், மெத்தை, அலமாரி, மிக்சி, கிரைண்டர், பாத்திர பண்டம் என்று வண்டி ஏற்றி வரும். ஊர்க்காரர்கள் வந்து எண்ணிப் பார்ப்பார்கள். அப்பன் கடன் வாங்கிச் செய்தது. அத்தனையும் மாமியார் வீட்டு மேலறையில் பூட்டிக் கிடக்கும், அவள் ஷார்ஜாவில் ஒரு குக்கரையும் ஒரு சட்டியையும் வைத்துக் குடித்தனம் நடத்துவாள். புருஷன் காலை ஆறு மணிக்குப் போனால் ராத்திரி எட்டுக்கு வருவான். நடுவில் உள்ள பதினான்கு மணி நேரமும் அவளுக்கு அந்த வெறும் அறைதான். குழந்தைக்குப் பால் கொடுக்கச் சாய்ந்து உட்கார நாற்காலி கிடையாது. சுவரில் முதுகை வைத்து உட்காருவாள். பிரசவம் கழிந்து மூன்றாம் மாதம் தரையிலிருந்து எழுந்து எழுந்து நடக்கிற இடுப்பின் கணக்கை யாரும் சேமிப்பில் கழிப்பதில்லை.

அவள் யாரையும் வீட்டுக்குக் கூப்பிடவும் மாட்டாள். வந்தவர்களை எங்கே உட்கார வைப்பது என்ற கூச்சம். இவள் கூப்பிடாததால் அவர்களும் கூப்பிட மாட்டார்கள். அதே கட்டடத்தில் கருங்கல்காரர்கள், குளச்சல்காரர்கள், ஏன், சொந்த ஊர்க்காரர்களே இருந்தும் லிஃப்டில் சிரித்துக்கொள்வதோடு சரி. நாலு பிளாஸ்டிக் நாற்காலி இருந்திருந்தால் நடந்திருக்கும் பேச்சு எவ்வளவோ.

"நம்ம பாட்டன் முப்பாட்டன் பாயில படுக்கலியா?" என்று கேட்பார்கள். படுத்தார்கள். ஆனால் நாஞ்சில் நாட்டுப் பழைய வீடுகளில் இருந்த கொஞ்சச் சாமானும் சும்மா கிடக்கவில்லை. நெல் கொட்டிவைத்த பத்தாயத்தின் மேல்பலகையிலேயே பாயை விரித்துப் படுத்தார்கள். திண்ணை பகலில் வழக்குப் பேசவும் ராத்திரி வழிப்போக்கன் உறங்கவும் ஆயிற்று. பத்மநாபபுரம் அரண்மனையில்கூட அறைக்கு அறை சாமான்களை அடுக்கி வைத்திருக்கவில்லை. குறைவாக வைத்து முழுதாகப் பயன்படுத்திய அந்த மனிதர்களைப் பூட்டிய வீட்டுக்காரர்கள் சாட்சிக்குக் கூப்பிடுவது கொஞ்சம் அதிகம்.

ஒரு வாதத்துக்கு மட்டும் நான் மரியாதை கொடுப்பேன்: அந்த நாடு எப்போது வேண்டுமானாலும் போகச் சொல்லும். உண்மை. சவுதி 2017 ஜூலையில் குடும்பத்தில் ஆளுக்கு மாதம் நூறு ரியால் கட்டணம் போட்டது. வருடா வருடம் நூறு கூட்டி, 2020-இல் நானூறு ஆக்கியது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றால் மாதம் 1,200 ரியால். ஏராளமான குடும்பங்கள் எக்ஸிட் அடித்துக் கிளம்பின. கட்டிலும் அலமாரியும் ஹராஜ் என்னும் பழைய சாமான் சந்தைகளில் வந்த விலைக்குப் போயின. அந்த நஷ்டத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சந்தை இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. ரியாத்தின் பின் காசிம் ஹராஜில் பாதி விலைக்கும் கீழே நல்ல கட்டில் கிடைக்கும். கிளம்புகிற மலையாளிக் குடும்பத்திடம் நேரில் கேட்டால் சாப்பாட்டு மேசையோடு திரைச்சீலையையும் கழற்றிக் கொடுத்துவிடுவார்கள். அப்படி வாங்கியதை அப்படியே விற்றால் என்ன பெரிதாகக் கையைக் கடிக்கப் போகிறது? முதல் மாதம் கட்டில், அடுத்த மாதம் பிள்ளைக்கு மேசை, பிறகு நாற்காலிகள். ஊர் வீட்டுக்கு அதுவரை சுவரும் கூரையும் போதும். முடிந்தால் வாடகைக்கு விடலாம், ஆள் புழங்கினால் சிதலும் அண்டாது.

தேக்கு விலை ஏறிக்கொண்டே போகிறது, இப்போதே வாங்கிப் போட்டால்தான் உண்டு என்று கடைசியாக ஒன்று சொல்வார்கள். ஏறத்தான் செய்யும். ஆனால் அறுபது வயதில் திரும்பி வருகிறவருக்கு மூட்டு வலி இருக்கும், உயரமான நாற்காலி தேவைப்படும். முப்பத்தைந்தில் ஆசைப்பட்டு வாங்கிப்போட்ட அந்தத் தாழ்ந்த சோபாவில் உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் தேடவேண்டும். பிள்ளைகளோ அதற்குள் கனடாவில் வீடு எடுத்து, தரையில் மெத்தையை விரித்திருப்பார்கள்.