பெரம்பலூரா, அரியலூரா? 30 கி.மீ இடைவெளியில் ஒரு தலைநகர்ப் போட்டி... ஜெயிச்சது யாரு?

பொதுத்தேர்வு ரிசல்ட் வரும் நாளில் தமிழ்நாடே சென்னை, கோவைனு தேடிக்கிட்டு இருக்கும். ஆனா பட்டியலின் உச்சியில் அடிக்கடி இரண்டு சின்ன ஊர்களின் பெயர்தான் இருக்கும். 2022 பிளஸ் டூ தேர்வில் மாநில முதலிடம் பெரம்பலூர் மாவட்டம், 97.95 சதவீதம். 2023 பத்தாம் வகுப்பில் மறுபடியும் பெரம்பலூர், 97.67 சதவீதம். 2024 பத்தாம் வகுப்பில் அரியலூர், 97.31 சதவீதம். 2025 பிளஸ் டூவிலும் அரியலூர், 98.82 சதவீதம்.

'பின்தங்கிய மாவட்டங்கள்' என்று பல வருஷமா முத்திரை குத்தப்பட்ட இரண்டு பக்கத்து மாவட்டங்கள், மாறி மாறி முதலிடம் பிடிக்கின்றன. "இந்த வருஷம் நாங்கதான்" என்று ஸ்டேட்டஸ் போடுவது ஜாலியான போட்டி. ஆனால், இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில் இன்னொரு போட்டியும் 25 வருஷமா ஓடுகிறது. யார் தலைநகர், யாருக்கு ரயில், யாருக்கு மருத்துவக் கல்லூரி, யாருக்குத் தொழிற்சாலை?

அந்தப் போட்டியில் ஜெயிச்சது யாரு? அலசிப் பார்ப்போம்.

சேர்ந்து, பிரிந்து, சேர்ந்து, பிரிந்து...

1995 வரைக்கும் இரண்டு ஊருக்கும் 'மாவட்டம்' என்றால் திருச்சிதான். அந்த ஆண்டு திருச்சி மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. திருச்சி, கரூர், பெரம்பலூர். அரியலூர், ஜெயங்கொண்டம் பகுதிகள் எல்லாம் பெரம்பலூர் மாவட்டத்துக்குள் வந்தன. கலெக்டர் அலுவலகம் பெரம்பலூரில்.

அரியலூர் பக்கத்தில் இருந்தவர்களுக்கு இது உறுத்தியது. காரணம், வெறும் கௌரவம் மட்டும் இல்லை. வரைபடத்தைப் பாருங்க. கிழக்குக் கோடியில் இருக்கும் மீன்சுருட்டிக்காரர் ஒரு மனு கொடுக்க வேண்டும் என்றால் ஜெயங்கொண்டம் தாண்டி, அரியலூர் தாண்டி, பெரம்பலூர் வரை போக வேண்டும். கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர். போய் வர ஒரு நாள் கூலி போச்சு.

2001 ஜனவரி 1-ம் தேதி, கருணாநிதி ஆட்சியில், அரியலூர் தனி மாவட்டம் ஆனது. அடுத்து ஆட்சி மாறியது. 2002 மார்ச் 31-ம் தேதி, ஜெயலலிதா ஆட்சியில், நிர்வாகக் காரணங்களைச் சொல்லி மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். அதாவது, அரியலூர் மாவட்டத்தின் முதல் ஆயுள் 15 மாதம். மறுபடி கருணாநிதி ஆட்சி. 2007 நவம்பர் 23-ம் தேதி மறுபடி தனி மாவட்டம். இந்த முறை நிலைத்துவிட்டது.

தலைநகரை மாற்றுவது இந்த மண்ணுக்குப் புதுசு இல்லைதான். சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ராஜேந்திர சோழன் தஞ்சாவூரிலிருந்து தலைநகரைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்த கங்கைகொண்ட சோழபுரம், இன்றைய அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது!

மாவட்டத் தலைநகர்னா அப்படி என்ன கிடைக்கும்?

கலெக்டர் அலுவலகம், எஸ்.பி அலுவலகம், மாவட்ட நீதிமன்றம், தலைமை மருத்துவமனை எல்லாம் வரும். அதோடு சேர்ந்து ஜெராக்ஸ் கடை, மெஸ், வாடகை வீடு, ஆட்டோ ஸ்டாண்டு என்று ஒரு சின்னப் பொருளாதாரமே வரும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. மத்திய அரசும் மாநில அரசும் பல திட்டங்களை 'மாவட்டத்துக்கு ஒன்று' என்ற கணக்கில்தான் தருகின்றன. மாவட்டம் என்பது அரசுத் திட்டங்களை வாங்கும் ஒரு ரேஷன் கார்டு மாதிரி. கார்டு தனியா இருந்தால் பங்கு தனி.

இதற்கு நல்ல உதாரணம், மருத்துவக் கல்லூரி. மத்திய அரசின் புதிய மருத்துவக் கல்லூரித் திட்டம், அரசுக் கல்லூரியோ தனியார் கல்லூரியோ ஏற்கெனவே இல்லாத மாவட்டங்களுக்கு முன்னுரிமை தந்தது. 2022 ஜனவரி 12-ம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டபோது, அந்தப் பட்டியலில் அரியலூர் இருந்தது. 150 எம்.பி.பி.எஸ் இடங்கள். பெரம்பலூர் இல்லை. பெரம்பலூர் அருகே சிறுவாச்சூரில் ஏற்கெனவே ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி இல்லாத மாவட்டங்களின் சின்னப் பட்டியலில் பெரம்பலூரும் மாட்டிக்கொண்டது இப்படித்தான்.

இதைக் கொஞ்சம் திருப்பி யோசியுங்க. 2007-ல் பிரிக்காமல் விட்டிருந்தால்? அரியலூரும் 'தனியார் கல்லூரி இருக்கிற பெரம்பலூர் மாவட்ட'க் கணக்கில்தான் வந்திருக்கும். வரிசையில் முந்தியிருக்க முடியுமா என்பது சந்தேகம். ஆக, தனி மாவட்டம் கேட்டவர்களின் வாதத்தில் நியாயம் இருந்தது.

சுரங்க நிதிக் கதையும் இதே மாதிரிதான். 2015-ல் கொண்டுவரப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி, சுரங்க நிறுவனங்கள் தரும் ஒரு பங்கு, மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குப் போகும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்கு அதைச் செலவு செய்ய வேண்டும். சிமென்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் நிறைந்த அரியலூருக்கு இது பெரிய விஷயம். லாரிப் புழுதி யார் வீட்டில் விழுகிறதோ, பணமும் அந்த மாவட்டக் கணக்கிலேயே சேர்கிறது.

யாருகிட்ட என்ன இருக்கு?

சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

*ரயில்:* அரியலூர் பக்கம் வெற்றி. விழுப்புரம்–திருச்சி கார்டு லைனில் அரியலூர் முக்கியமான ஸ்டேஷன். 1956 நவம்பர் 23-ம் தேதி அரியலூர் அருகே மருதையாற்றில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்த விபத்துக்குப் பொறுப்பேற்றுத்தான் அன்றைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். பெரம்பலூர் நகரத்திலோ, இன்றுவரை ரயில் நிலையமே கிடையாது.

*சாலை:* பெரம்பலூர் பக்கம் வெற்றி. சென்னை–திருச்சி நான்குவழிச் சாலை ஊரை ஒட்டிப் போகிறது. நள்ளிரவு எத்தனை மணிக்கு நின்றாலும் சென்னைக்கு ஒரு பஸ் கிடைக்கும்.

*மக்கள்தொகை:* 2011 கணக்கெடுப்பில் பெரம்பலூர் மாவட்டம் 5.65 லட்சம் பேர், மாநிலத்திலேயே குறைவு. அரியலூர் 7.55 லட்சம். இரண்டையும் கூட்டினாலும் 13 லட்சம் சொச்சம்தான்.

*பெருமை:* அரியலூருக்குக் கங்கைகொண்ட சோழபுரம், 2004 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். பெரம்பலூருக்கு ரஞ்சன்குடி கோட்டை, சாத்தனூர் கல்மரம். கடல் புதைபடிவங்கள் இரண்டு பக்கமும் கொட்டிக் கிடக்கின்றன. பல கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இங்கே இருந்த கடலுக்கு மாவட்ட எல்லை தெரியாது.

*தொழிற்சாலை:* இங்கேதான் சுவாரஸ்யம். 2022 நவம்பரில் பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் சிப்காட் தொழிற்பூங்கா திறக்கப்பட்டு, அங்கே காலணிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2024 நவம்பரில் அரியலூர் மாவட்டம் ஜெயங்கொண்டம் சிப்காட்டில், தைவானைச் சேர்ந்த டீன் ஷூஸ் நிறுவனத்தின் 1,000 கோடி ரூபாய் ஆலைக்கு அடிக்கல். 15,000 பேருக்கு வேலை என்று அரசு அறிவித்தது. அங்கேயும் காலணி, இங்கேயும் காலணி! போட்டின்னு பார்த்தால் போட்டி. ஒரே வட்டாரத்தில் ஒரே தொழில் வளர்கிறது, இரண்டு ஊருக்கும் பொதுவாகப் பயிற்சி மையம், சப்ளையர்கள், பஸ் வசதி வரலாம் என்று பார்த்தால் அது வாய்ப்பு.

டல்லாஸுக்குக் கட்டுச்சோறு எடுத்துப்போன மனுஷன்

பக்கத்துப் பக்கத்து ஊர்கள் இப்படி முட்டிக்கொள்வது உலகம் முழுக்க உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸில் டல்லாஸ், ஃபோர்ட் வொர்த் என்று இரண்டு நகரங்கள். இடைவெளி சுமார் 50 கிலோமீட்டர். ஃபோர்ட் வொர்த்தில் ஏமன் கார்ட்டர் என்று ஒரு பத்திரிகை அதிபர் இருந்தார். டல்லாஸுக்குப் போக வேண்டி வந்தால், அந்த ஊர் ஓட்டலில் ஒரு காசுகூடச் செலவு செய்யக் கூடாது என்று வீட்டிலிருந்தே சாப்பாடு கட்டிக்கொண்டு போவாராம். அப்படி ஒரு வைராக்கியம்!

இந்த வீம்பின் விலை பெரிசு. இரண்டு நகரங்களும் தனித்தனி விமான நிலையத்தை வைத்துக்கொண்டு இழுபறி நடத்தின. கடைசியில் 1964-ல் அமெரிக்க விமானப் போக்குவரத்து வாரியம், இருவருக்கும் பொதுவாக ஒரே இடத்தைத் தேர்வு செய்யும்படி உத்தரவிட்டது. வேண்டாவெறுப்பாக உட்கார்ந்து பேசி, இரண்டு ஊருக்கும் நடுவில் கட்டியதுதான் டி.எஃப்.டபிள்யூ விமான நிலையம். 1974-ல் திறக்கப்பட்டது. இன்று உலகின் மிகப் பரபரப்பான விமான நிலையங்களில் ஒன்று.

கவனிக்க வேண்டியது என்னன்னா, டல்லாஸும் ஃபோர்ட் வொர்த்தும் ஒன்றாகிவிடவில்லை. தனித்தனி மேயர், தனித்தனி நிர்வாகம் அப்படியேதான் இருக்கிறது. தனியாகச் செய்ய முடியாததை மட்டும் சேர்ந்து செய்தார்கள்.

அப்போ நம்ம ஊர்ல சேர்ந்து கேட்க வேண்டியது எது?

முதல் பதில், ரயில் பாதை. அரியலூரிலிருந்து பெரம்பலூர் வழியாக மேற்கு மாவட்டங்களை நோக்கி ஒரு பாதை வேண்டும் என்பது பல ஆண்டுக் கோரிக்கை. தேர்தலுக்குத் தேர்தல் பேசப்படும். ஆத்தூர் வழியா, துறையூர்–நாமக்கல் வழியா என்று ஆளுக்கு ஒரு வழி சொல்வார்கள். பாதை மட்டும் வராது.

ஏன்? அரசியல் வரைபடத்தைப் பார்த்தால் ஒரு காரணம் புரியும். 2009 தேர்தலில் அமலான தொகுதி மறுசீரமைப்புக்குப் பிறகு, பெரம்பலூர் நாடாளுமன்றத் தொகுதியில் இருக்கும் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் பெரம்பலூர் மாவட்டத்துக்குச் சொந்தமானது ஒன்றே ஒன்று, பெரம்பலூர் தொகுதி மட்டும். மீதி ஐந்தும் திருச்சி, கரூர் மாவட்டங்களைச் சேர்ந்தவை. லால்குடி, மண்ணச்சநல்லூர், முசிறி, துறையூர், குளித்தலை.

அரியலூரின் கதை என்ன? அரியலூர், ஜெயங்கொண்டம், பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னம் ஆகிய மூன்றும் சிதம்பரம் நாடாளுமன்றத் தொகுதிக்குள் இருக்கின்றன. மீதி மூன்று கடலூர் மாவட்டம். ஆக, பெரம்பலூருக்குத் தன் பெயரில் ஒரு எம்.பி தொகுதி உண்டு, ஆனால் அதில் ஆறில் ஒரு பங்குதான். அரியலூருக்குப் பெயர்கூட இல்லை.

234 பேர் இருக்கும் சட்டமன்றத்தில் இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து நான்கு எம்.எல்.ஏக்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு இரண்டு. ரயில் மாதிரி டெல்லியில் முடிவாகும் ஒரு விஷயத்தை, இவ்வளவு சின்னக் குரலை இரண்டாகப் பிரித்துக்கொண்டு கேட்டால் யார் காதில் விழும்?

இரண்டாவது பதில், படிப்புக்கு ஏற்ற வேலை. ரிசல்ட்டில் முதலிடம் வாங்கிக் கொடுத்த பிள்ளைகள் எங்கே? இந்தக் கட்டுரையை வாசிக்கும் பெரம்பலூர், அரியலூர்க்காரர்களில் பாதிப் பேர் இப்போ சென்னையிலோ பெங்களூரிலோதான் இருப்பீங்க. சிமென்ட் ஆலையும் காலணி ஆலையும் அவசியம்தான். ஆனால், 98 சதவீதம் தேர்ச்சி பெறும் வட்டாரத்துக்கு அது மட்டும் போதாது. ஒரு ஐ.டி நிறுவனமோ ஆராய்ச்சி மையமோ வர வேண்டும் என்றால், ஐந்தரை லட்சம் பேர் இருக்கும் தனி மாவட்டத்தைவிட, ஒரு பக்கம் ரயில், இன்னொரு பக்கம் நான்குவழிச் சாலை, 13 லட்சம் மக்கள் என்று சேர்த்துக் காட்டும் வட்டாரத்துக்குத்தான் வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது, சுற்றுலா. சாத்தனூர் கல்மரத்தைப் பார்த்துவிட்டு, அரியலூர் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகம், அங்கிருந்து கங்கைகொண்ட சோழபுரம் என்று ஒரே நாளில் ஒரு ரவுண்டு அடிக்கலாம். ஆனால், இரண்டு மாவட்டமும் கைகோத்தால்தான் அது ஒரு 'டூர் பேக்கேஜ்' ஆகும்.

சரி, ஜெயிச்சது யாரு?

கலெக்டர் அலுவலகம் இருவருக்கும் கிடைத்துவிட்டது. அந்த ஆட்டம் 2007-லேயே டிரா. மீன்சுருட்டிக்காரரின் அலைச்சலும் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் குறைந்திருக்கிறது. அதற்காகவே அந்தப் பிரிவினை சரியான முடிவு. இனி யாரும் மறுபடி சேர்க்கச் சொல்லத் தேவையில்லை.

கும்பகோணம் மாதிரி தனி மாவட்டம் கேட்கும் ஊர்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. தனி மாவட்டம் என்பது கவுன்ட்டரை வீட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவரும். அந்தக் கவுன்ட்டரில் என்ன கிடைக்கும் என்பதை அது முடிவு செய்யாது.

அண்ணன் தம்பி தனிக்குடித்தனம் போவது சகஜம். போன பிறகும், கிணறு வெட்டணும்னா சேர்ந்துதான் வெட்டணும். பெரம்பலூருக்கு வராத ரயில், அரியலூர் ஸ்டேஷனில் வந்து நின்றுகொண்டுதான் இருக்கிறது. நடுவில் இருப்பது வெறும் முப்பது கிலோமீட்டர்!